ஏழாவது கொக்கி

எனக்கு உடையாத ஒரு ஸ்பிரிங்க்ளர் வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். ஆறு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு, ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிற எனக்கே தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியின் பின்பக்கப் புல்வெளியில். ஹெலிகாப்டரில் நோயாளியைக் கொண்டுவந்தால் அங்கேதான் இறக்குவார்கள். நடுவில் ஒரு சிமெண்டு வட்டம், சுற்றிலும் புல். காற்றைப் பொறுத்து வட்டத்தை விட்டுப் புல்லிலும் இறங்கும். அந்த மண் மாவு மாதிரி. ஒரு நாள் காய்ந்தால் போதும், ஹெலிகாப்டர் இறங்கும்போது புழுதி கிளம்பி, ஓட்டுகிறவருக்குத் தரை எங்கே இருக்கிறதென்றே தெரியாது. அதனால் புல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். மண்ணுக்குள் குழாய் பதித்துவிடலாமே என்று வருகிறவர்கள் எல்லாம் எனக்குப் புத்தி சொல்வார்கள். கீழே கரண்டு கம்பியும் ஆக்சிஜன் குழாயும் ஓடுகின்றன, ஒரு சாண் தோண்டவும் அனுமதி இல்லை. எல்லாம் தரைக்கு மேலே வைக்கிற ஸ்பிரிங்க்ளர்தான்.

மேலே வைத்தால் எடுக்கவும் வேண்டும். ஹெலிகாப்டர் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் சங்கு ஊதும். உடனே மெயின் வால்வை மூடிவிட்டு, ஆறு ஸ்பிரிங்க்ளரையும் பிடுங்கி, ஓஸை இழுத்து, எங்கள் கொட்டகைக்குள் கொண்டுபோக வேண்டும். சில நாள் மூன்று தடவை. அந்த இழுப்புக்குப் பிளாஸ்டிக் சாமான் எத்தனை நாள் தாங்கும்? மாதத்துக்கு இரண்டுக்காவது மண்ணில் குத்துகிற முளை ஒடியும், தலை கழன்று எங்காவது உருளும். ஒவ்வொரு தடவையும் சாமான் வாங்கித் தருகிற பர்ச்சேஸ் சாரிடம் போய் நின்றால், "நீங்க மெதுவா எடுக்கக் கூடாதாம்மா?" என்பார். மெதுவாகவாம்! மேலே ஒருத்தர் உயிர் ஊசலாடிக்கொண்டு வரும்போது நான் பூப்பறிக்கிற மாதிரி எடுக்க வேண்டுமாம்.

கொட்டகைச் சுவரில் ஆறு கொக்கிகள். சிவப்புப் பெயிண்டில் ஒன்று முதல் ஆறு வரை நம்பர். ஆறிலும் ஸ்பிரிங்க்ளர் தொங்கினால் புல் காலி என்று அர்த்தம். ஒரு கொக்கி காலியாக இருந்தால் புல்லில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். ஆறையும் பார்த்துவிட்டுக் கதவருகே இருக்கிற பச்சைப் பொத்தானை அமுக்குவேன். மாடியில் ரேடியோ பார்க்கிற பெண்ணுக்கு அங்கே பச்சை விளக்கு எரியும், அவள் ஹெலிகாப்டரை இறங்கச் சொல்வாள். அவளுடைய ஜன்னலில் பாதிப் புல்தான் தெரியும். மீதிப் பாதிக்கு என்னுடைய பச்சை விளக்குதான் அவளுக்குக் கண்.

என்னோடு வேலை பார்ப்பது என் கொழுந்தன். எல்லாரும் அவனை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவார்கள், ஏனென்றால் ஒரு டம்ளர் டீயை அரை மணி நேரம் குடிப்பான். ஆனால் சங்கு ஊதிவிட்டால் மட்டும் அவன் வேறு ஆள்.

போன மாதம் பர்ச்சேஸ் சாரே இறங்கி வந்தார். என் புலம்பல் தாங்காமல் ஒரு வியாபாரியைக் கூட்டி வந்திருந்தார். அவன் இரண்டு சாமான் காட்டினான். ஒன்று பளபளவென்று மூன்று கால் பிளாஸ்டிக். "பத்து வருஷ உத்தரவாதம் மேடம்" என்றான். நான் அதன் காலை லேசாக முறுக்கினேன். ஒடிந்த காலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். எக்ஸ்பிரஸ் சிரித்த சிரிப்பில் வியாபாரியின் முகம் செத்துவிட்டது.

அடுத்தது இரும்பு. அடியில் வளைந்த இரண்டு இரும்புத் தண்டுகள், இழுத்தால் புல் மேல் வழுக்கிக்கொண்டே வரும். மேலே பித்தளைத் தலை, டக் டக் டக் என்று அடித்து அடித்துச் சுற்றும். முழுக்கப் பச்சைப் பெயிண்ட். நான் அதைப் படாதபாடு படுத்தினேன். மூன்று படிக்கு மேலே இருந்து போட்டேன். எக்ஸ்பிரஸை ஏறி நிற்கச் சொன்னேன். மண் கலந்த தண்ணீர் விட்டேன். ஓஸைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம், ஓஸை மாட்டுகிற கப்ளிங் அசையவில்லை. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம்.

"காத்துல கவுராது, கப்ளிங் கழலாது, புல்லோட புல்லா இருக்கும், அசிங்கமாவும் தெரியாது" என்றேன் பர்ச்சேஸ் சாரிடம். இந்த நாலையும் என் வாயாலேயே சொன்னேன்.

"ஒரு வாரம் வச்சுப் பாருங்க. பிடிச்சிருந்தா இதையே ஆறு எழுதிக் குடுங்க" என்றார்.

மெயின் லைனில் ஆறு வாய்தான் உண்டு. அதனால் புது ஸ்பிரிங்க்ளரை, மெயின் வால்வோடு சேராத பின்சுவர்க் குழாயில் மாட்டினோம். வட்டத்துக்கு அந்தப் பக்கம், முட்டளவு செடிவேலி மறைவில், புல் காயத் தொடங்கிய ஒரு திட்டு இருந்தது. அங்கே வைத்தோம். முதல் இரண்டு நாள் ஹெலிகாப்டர் வரவில்லை. இரண்டு நாளும் நான் அதன் பக்கம் போகவே இல்லை, போக வேண்டிய தேவை இருக்கவில்லை. பிளாஸ்டிக் ஆறும் குழந்தைகள் மாதிரி அரை மணிக்கொரு தரம் என்னைக் கூப்பிடும். ஒன்று அடைக்கும், ஒன்று சாயும். இது மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது. நல்ல சாமான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். மெச்சிக்கொண்டே மறந்தும் போனேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது.

ஓடினோம். மெயின் வால்வை நான் மூடினேன். மூன்று அவன், மூன்று நான். வழக்கம்போல ஐந்தாம் நம்பரின் முளை மண்ணிலேயே ஒடிந்து நின்றது. திட்டிக்கொண்டே அதைத் தோண்டி எடுத்தேன். கொட்டகைக்கு வந்து மாட்டினோம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஒரு கொக்கியும் காலி இல்லை. பச்சையை அமுக்கினேன்.

"ரெண்டு நிமிஷம் மிச்சம் அண்ணி" என்றான் எக்ஸ்பிரஸ். "நீங்கதான் என்னை எக்ஸ்பிரஸ்னு கிண்டல் பண்றீங்க."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம், இன்னும் வண்டு அளவுதான். மற்றபடி புல்வெளி அமைதியாக இருந்தது. வால்வு மூடிய பிறகு வருகிற அமைதி எனக்குப் பழக்கமானது.

டக். டக். டக். டக்.

திரும்பிக் கொக்கிகளைப் பார்த்தேன். ஆறும் தொங்கிக்கொண்டிருந்தன. நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அப்புறம் இது எங்கே அடிக்கிறது? ஒரு கணம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே நினைத்தேன். மறு கணம் புரிந்தது.

அதற்குக் கொக்கி இல்லை. நாங்கள் கொக்கியை எண்ணினோமே தவிர சாமானை எண்ணவில்லை.

"ஐயையோ" என்றேன். "புதுசு. டேய், புதுசு அங்கேயே இருக்கு!"

ஹெலிகாப்டரின் ஒரு சக்கரம் அந்த இரும்பு மேல் ஏறினால் போதும், அது ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்தால் மேலே சுற்றுகிற இறக்கை தரையில் வெட்டும். இல்லாவிட்டால் காற்றில் ஓஸ் பாம்பாகக் கிளம்பி வாலில் சுற்றும். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதையெல்லாம் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை.

பச்சைப் பொத்தானுக்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான், மேலே கண்ணாடி மூடி. ஆறு வருஷத்தில் யாரும் தொட்டதில்லை. அதை அமுக்கினால் மாடியில் சிவப்பு விளக்கு எரியும், அந்தப் பெண் சொன்னதும் ஹெலிகாப்டர் அப்படியே மேலே ஏறிவிடும். மறுபடி பச்சை எரிகிற வரைக்கும் இறங்காது. உள்ளே இருக்கிற நோயாளி காத்திருக்க வேண்டும்.

"வேண்டாம் அண்ணி" என்றான் அவன். "அதை அமுக்கினா நம்ம ரெண்டு பேரு கதையும் முடிஞ்சுது. நான் ஓடிப் போய் இழுத்துடறேன். ஒரே ஓட்டம்!"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆசை வந்தது. மூன்று மூச்சு நின்றேன். எனக்கு வேலை போகுமே என்று நினைத்தேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பி இருக்கிறவர்களின் முகம் வந்து போயிற்று. அதற்குள் ஹெலிகாப்டர் மதில் சுவர்ப் பக்கம் தலையைக் காட்டிவிட்டது. சத்தத்தில் கொட்டகையின் தகரம் நடுங்கியது. மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நேரே அந்தத் திட்டுப் பக்கமாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடியை முழங்கையால் இடித்து உடைத்தேன். சிவப்பை அமுக்கினேன்.

அது நின்றது. ஆகாயத்தில் அப்படியே தொங்கினாற்போல ஒரு நொடி நின்றது, பிறகு உறுமிக்கொண்டு மேலே ஏறியது. நான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தேன். காற்று என்னைத் தள்ளியது, முடி பிரிந்து கண்ணை மறைத்தது. கொழுந்தனைச் சுவர்க் குழாயை மூடச் சொல்லிக் கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வேலியைத் தாண்டினால் ஸ்பிரிங்க்ளரைக் காணவில்லை. பச்சைப் புல்லில் பச்சைச் சாமான். தண்ணீர் எங்கிருந்து பீறிடுகிறதென்று பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கப்ளிங்கைத் திருகினேன், கழலவில்லை. கழலாது என்று மெச்சினவளும் நான்தானே! தூக்கினேன், ஈரக் கையில் வழுக்கி என் கால் விரலில் விழுந்தது. எத்தனை கனம்! சனியனே, சனியனே என்று சொல்லிக்கொண்டே ஓஸோடு சேர்த்து இழுத்தேன். எக்ஸ்பிரஸ் குழாயை மூடிவிட்டு வந்து இன்னொரு பக்கம் பிடித்தான். தலைக்கு மேலே அது வட்டமடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் என் மண்டைக்குள் ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டது: உள்ளே இருக்கிற ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா?

கொட்டகைக்கு வந்து சாமானைத் தரையில் போட்டேன், மாட்டத்தான் இடம் இல்லையே. ஆறு கொக்கி, தரையில் ஒன்று. சத்தமாக ஏழு எண்ணினேன். எக்ஸ்பிரஸையும் எண்ணச் சொன்னேன். அவனும் ஏழு என்றான். அப்புறம்தான் பச்சையை அமுக்கினேன்.

ஹெலிகாப்டர் மேலே காத்திருந்தது நாலு நிமிஷம் பத்து நொடி. அதைப் பிறகு பர்ச்சேஸ் சார் சொன்னார்.

ஹெலிகாப்டர் அந்தத் திட்டை ஒட்டியே இறங்கியது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஓடினார்கள். நடுத்தர வயது ஆள், முகம் சாம்பல் நிறம், நெஞ்சில் ஒருத்தர் அமுக்கிக்கொண்டே ஓடினார். பின்னால் அவருடைய மனைவி. கையில் ஒரு கறுப்பு ஷூ, ஒன்றே ஒன்று. கதவுக்குள் போய் மறைந்துவிட்டார்கள்.

அன்று முழுக்க எனக்கு உயிர் உயிராகவே இல்லை. பர்ச்சேஸ் சார் வந்து என்ன நடந்ததென்று எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். எதையும் மறைக்கவில்லை, மூன்று மூச்சையும் சேர்த்தே எழுதினேன். விசாரணை இருக்கும் என்றார். இருக்கட்டும். எனக்கு விசாரணை பயம் அப்போது இல்லை. நாலு நிமிஷத்தில் ஒரு மனுஷன் செத்துவிட முடியும். எனக்கு இருந்தது அந்தப் பயம்தான். மதியம் ஒரு நர்ஸைப் பிடித்துக் கேட்டேன். "உள்ளதான் இருக்கார்க்கா, இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள்.

நாலு மணி இருக்கும். கொட்டகை வாசலில் அந்த அம்மாள் வந்து நின்றார். இன்னும் அதே ஒற்றை ஷூவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதோட ஜோடி இங்க எங்கயாவது விழுந்துச்சாம்மா? இறக்குறப்போ கழண்டிருக்கும்."

"அவருக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஆப்பரேஷன் முடிஞ்சுது. கண்ணு முழிக்கல. முழிச்சு நடக்கணும்னா ஷூ வேணுமில்ல?" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

இருவரும் புல்லில் தேடினோம். எக்ஸ்பிரஸ் இன்னொரு பக்கம் தேடினான். தேடிக்கொண்டே அவர் பேசினார். "மேல சுத்தினப்போ நான் ஜன்னல் வழியா பார்த்தேன். கீழ எல்லாமே பச்சையா இருந்துச்சு, வேற ஒண்ணுமே தெரியல. நீங்க ஓடுறது மட்டும்தான் தெரிஞ்சுது. எங்களுக்காக யாரோ இப்படி ஓடுறாங்களேன்னு நினைச்சேன். உங்களுக்கு ரொம்ப நன்றிம்மா."

காலையில் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை. அந்த நன்றியைக் கேட்டபோதுதான் நான் நிஜமாகப் பயந்தேன். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருந்தால் போயிருக்கும். எக்ஸ்பிரஸ் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தான், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"நன்றி சொல்லாதீங்கம்மா" என்றேன். "அங்க ஒரு ஸ்பிரிங்க்ளர் கிடந்துச்சு. அதை எடுக்க மறந்தது நான்தான். என்னாலதான் நீங்க மேல சுத்தினீங்க."

அவர் நின்றுவிட்டார்.

"எது?" என்றார்.

கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். தரையில் கிடந்ததை அவர் குனிந்து ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த நாலு நிமிஷமும் அவர் வாய்கிட்ட காதை வச்சுக்கிட்டு இருந்தேன். மூச்சு வருதான்னு. உங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அதுக்கு உங்களை மன்னிக்க மாட்டேன்" என்றார். "ஆனா பொத்தானை அமுக்கினதும் நீங்கதானே? இது மேல இறங்கியிருந்தா நானும் இல்ல, அவரும் இல்ல. சொன்ன நன்றியை நான் திரும்ப வாங்கிக்கப் போறதில்ல. ரெண்டையும் நீங்களே வச்சுக்குங்க."

அப்போதுதான் எக்ஸ்பிரஸ் ஷூவோடு வந்தான். அந்தத் திட்டில், ஸ்பிரிங்க்ளர் நின்ற இடத்தில் தேங்கிய தண்ணீரிலேயே கிடந்ததாம். உள்ளே தண்ணீர் நிறைந்து தொப்பலாக இருந்தது. அந்த அம்மாள் அதை வாங்கவில்லை.

"காய வச்சுக் குடுங்க. உங்க தண்ணிதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் கொழுந்தன் சுவரில் ஏழாவது கொக்கியை அடித்தான். நான் சிவப்பில் நம்பர் எழுதினேன். லேஸைக் கட்டி ஷூவை அதில் தொங்கவிட்டோம், வேறு எங்கே காய வைப்பது?

மறுநாள் பர்ச்சேஸ் சார் படிவத்தோடு வந்தார். எந்த ஸ்பிரிங்க்ளர் வேண்டும் என்று நான் எழுதித் தர வேண்டும். இரும்பு என்று எழுதினேன்.

"அது பண்ணின வேலைக்கு அப்புறமுமா?"

"அது ஒண்ணும் பண்ணல சார். சொன்ன வேலையைத்தான் செஞ்சுது. பண்ணினது நான்." கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். மஞ்சள் பெயிண்ட் அடித்துத் தர வேண்டும். கொக்கி அடிக்காமல் எந்தச் சாமானையும் புல்லில் இறக்கக் கூடாது. அவர் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். விசாரணை முடிகிற வரை வேலையில் இருங்கள் என்றார்.

அந்த வாரம் ஹெலிகாப்டர் நாலு தடவை வந்தது. நாலு தடவையும் ஆறு கொக்கியைப் பார்த்த பிறகும் என் கை பொத்தானுக்குப் போகவில்லை. புல் முழுக்க ஒரு சுற்று ஓடி, நின்று, காது கொடுத்துக் கேட்டேன். ஓடி முடித்துக் கொட்டகைக்குள் வந்தால் ஏழாவது கொக்கியில் ஷூ தொங்கும். அது இரண்டாம் நாளே காய்ந்துவிட்டது. யாரும் வாங்க வரவில்லை. போய் விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நர்ஸைக் கண்டால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். செத்துப்போனவருக்கு எதற்கு ஷூ என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது.

எட்டாம் நாள் காலை கொட்டகைக் கதவைத் திறந்தேன். ஏழாவது கொக்கி காலி.

என் உடம்புக்குக் காலிக் கொக்கி என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். தன்னால் திரும்பிப் புல்லைப் பார்த்தேன். எக்ஸ்பிரஸ் மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், எங்கடா அது?"

"அந்தம்மா காலையிலேயே வந்து வாங்கிட்டுப் போனாங்க அண்ணி." ஒரு வாய் குடித்தான். எனக்கு அவனை அடித்துக் கொன்றுவிடலாம் போல இருந்தது. இன்னொரு வாய் குடித்தான். "மத்தியானம் அவரை வராண்டாவுல நடக்க வைக்கப் போறாங்களாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, அந்த இரும்புச் சாமானை இரண்டு கையாலும் தூக்கி, ஏழாவது கொக்கியில் மாட்டினேன்.